குண்டுக்காக மாற்றி அமைக்கப்பட்ட விமானம்: பி-29 அணுகுண்டைச் சுமந்த விதம்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வீசப்பட்ட அணுகுண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் குண்டுக்குள் இருந்ததைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். யுரேனியம், புளூட்டோனியம், அணுப்பிளவு என்று விளக்கம் நீளும். நாலரை டன் எடையுள்ள அந்தப் பொருளைக் கடலுக்கு மேலே 2,500 கி.மீ. தூக்கிக்கொண்டு போனது எப்படி? ஒன்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து குறிபார்த்துப் போட்டுவிட்டு, போட்டவர்கள் உயிரோடு திரும்பியது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு ஓரிரு வரிக்கு மேல் பதில் கிடைப்பதில்லை. ஆனால் எந்த நகரம் அழிந்தது, எந்த நகரம் தப்பியது என்பதைத் தீர்மானித்ததில் விமானத்தின் கொக்கிக்கும் பம்புக்கும் புரொப்பெல்லருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே விமானத்திலிருந்து தொடங்குவோம்.

பி-29 என்ன மாதிரி விமானம்?

போயிங் நிறுவனம் வடிவமைத்த பி-29, 1942 செப்டம்பர் 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 43 மீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 30 மீட்டர். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2,200 குதிரைத்திறன். அந்தப் போரில் அமெரிக்கா அதிகம் செலவிட்ட ஆயுதத் திட்டம் எது என்று கேட்டால் பலரும் அணுகுண்டு என்பார்கள். அணுகுண்டுத் திட்டத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் ஆனது. பி-29 திட்டத்துக்குச் சுமார் 300 கோடி.

அன்றைய பெரும்பாலான குண்டுவீச்சு விமானங்களில் இல்லாத ஒரு வசதி இதில் இருந்தது. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிதாக இருக்கும். ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் சில நிமிடங்களிலேயே மயக்கம் வந்துவிடும். பி-29இல் ஆட்கள் இருக்கும் பகுதிகளுக்குள் காற்றழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி வைத்தார்கள். முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை. நடுவில் குண்டுகள் தொங்கும் இரண்டு குண்டறைகள். குண்டறையின் கதவுகள் வானத்தில் திறக்க வேண்டியவை என்பதால் அங்கே அழுத்தம் கிடையாது. முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக, குண்டறைகளுக்கு மேலே தவழ்ந்து செல்லும் ஒரு குழாய்ப்பாதை இருந்தது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஹிரோஷிமா பயணத்தில் இது தேவைப்படும்.

எஞ்சின்தான் இதன் பலவீனம். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டங்களில் 18 சிலிண்டர்கள். காற்றுதான் இவற்றைக் குளிர்விக்க வேண்டும். முன்வட்டத்தைத் தாண்டி பின்வட்டத்துக்கு வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடும். பின்வரிசை சிலிண்டர்கள் கொதிக்கும். எஞ்சினின் சில பாகங்கள் எடை குறைய வேண்டும் என்று மக்னீசியக் கலவையில் செய்யப்பட்டிருந்தன. மக்னீசியம் பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பான குறுக்குச்சட்டம் வரை தீ போய்விடும். 1943 பிப்ரவரி 18 அன்று போயிங்கின் தலைமைச் சோதனை விமானி எடி ஆலன் ஓட்டிய மாதிரி விமானம் எஞ்சின் தீயால் சியாட்டிலில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரும், கீழே இருந்த பலரும் இறந்தார்கள்.

இத்தனை குறைகளோடும் இதைப் பயன்படுத்தக் காரணம், இவ்வளவு தூரம் இவ்வளவு எடை தூக்கும் விமானம் அமெரிக்காவிடம் வேறு இல்லை. இலங்கை வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29கள் கிளம்பி, சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கத் தரையிறங்காமல் போய்த் திரும்பின. போக வர சுமார் 6,200 கி.மீ. அணுகுண்டு விமானம் பின்னாளில் பசிபிக்கின் டினியன் தீவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்பியதை விட இது அதிகம்.

குண்டின் வடிவமும் அறையின் நீளமும்

எடையைப் பொறுத்தவரை பி-29க்குச் சிரமம் இல்லை. ஒன்பது டன் வரை குண்டு ஏற்றும் திறன் அதற்கு உண்டு. சிக்கல் வடிவத்தில் வந்தது. முதலில் திட்டமிட்ட புளூட்டோனியக் குண்டு ‘தின் மேன்’. ஐந்து மீட்டருக்கும் நீளமான, மெல்லிய குண்டு. பி-29இன் இரண்டு குண்டறைகளும் தனித்தனியாக அதற்குப் போதாதவை. நடுவில் இறக்கையின் குறுக்குச்சட்டம் விமானத்தின் உடலைக் கடந்து போகிறது. பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் தடுப்பு ஏதும் இல்லாத 10 மீட்டர் நீளமுள்ள ஒரே குண்டறை இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று, குண்டை விமானத்தில் ஏற்றும் வேலையைக் கவனித்த இயற்பியலாளர் நார்மன் ராம்ஸியின் குழு யோசித்தது. ஆனால் லங்காஸ்டரில் அழுத்த அறை இல்லை. பி-29 போகும் உயரத்துக்கும் வேகத்துக்கும் அது வராது. அமெரிக்க ராணுவத் தலைமையும் தங்கள் விமானமே வேண்டும் என்று நின்றது. எனவே ஒரு பி-29ஐ எடுத்து, இரண்டு குண்டறைகளையும் குறுக்குச்சட்டத்துக்குக் கீழே ஒன்றாக இணைத்தார்கள்.

1944 ஜூலையில் தின் மேன் கைவிடப்பட்டது. அணு உலையில் கிடைக்கும் புளூட்டோனியம் அந்த வடிவமைப்புக்கு ஒத்துவரவில்லை. மிஞ்சியவை இரண்டு. ‘லிட்டில் பாய்’ என்ற யுரேனியக் குண்டு: நீளம் 3 மீட்டர், விட்டம் 71 செ.மீ., எடை சுமார் 4,400 கிலோ. ‘ஃபேட் மேன்’ என்ற புளூட்டோனியக் குண்டு: நீளம் 3.25 மீட்டர், விட்டம் ஒன்றரை மீட்டர், எடை சுமார் 4,670 கிலோ. இரண்டும் ஒரே குண்டறைக்குள் அடங்கும் நீளம். இணைத்த அறைகளை மறுபடியும் பிரித்து, முன் குண்டறையில் குண்டு, பின் குண்டறையில் கூடுதல் எரிபொருள் தொட்டி என்று ஏற்பாடு மாறியது. பின்னால் இருக்கும் தொட்டி, முன்னால் தொங்கும் நாலரை டன்னுக்கு எடைச் சமநிலையாகவும் பயன்பட்டது.

அடுத்தது கொக்கி. சாதாரணமாக ஒரு விமானம் சிறுசிறு குண்டுகளை வரிசையாகத் தொங்கவிடும். ஒன்று சிக்கிக்கொண்டால் மற்றவை விழும். இங்கே முழு எடையும் ஒரே குண்டில். தொடக்கத்தில் கிளைடர் விமானங்களை இழுத்துச் செல்லும் கொக்கியை மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் மியூரோக் தளத்தில் 1944 மார்ச்சில் நடந்த சோதனைகளில் அது தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. பொத்தானை அழுத்தினால் குண்டு உடனே விழாது. மார்ச் 16 அன்று நடந்தது நேர்மாறு: சோதனை இடத்துக்குப் போகும் வழியிலேயே கொக்கி தானாக விட்டுவிட்டது. குண்டறைக் கதவுகள் மூடியிருக்க, மாதிரிக் குண்டு அவற்றின் மேலேயே விழுந்து விமானத்தை நாசப்படுத்தியது. கடைசியில் லங்காஸ்டர் விமானங்கள் ஐந்தரை டன் குண்டுகளைத் தூக்கப் பயன்படுத்திய பிரிட்டிஷ் ஒற்றைப்புள்ளிக் கொக்கியைத்தான் வாங்கிப் பொருத்தினார்கள். விமானத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் கொக்கிக்கு லங்காஸ்டரிடம்தான் போக வேண்டியிருந்தது.

ஃபேட் மேனுக்கு இன்னொரு குறை. முட்டை வடிவத்தில் பருத்த அந்தக் குண்டு விழும்போது தள்ளாடியது. தள்ளாடும் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட முடியாது. பெட்டி போன்ற வால்பகுதிக்குள் கூடுதல் தகடுகளை வைத்து, காற்றின் இழுவையை அதிகப்படுத்தியபோதுதான் அது நேராக விழத் தொடங்கியது.

இந்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்த பி-29களுக்கு ‘சில்வர்பிளேட்’ என்று ரகசியப் பெயர். வால் துப்பாக்கியைத் தவிர எல்லாத் துப்பாக்கிக் கூண்டுகளையும் கழற்றினார்கள். கவசத் தகடுகளையும் எடுத்தார்கள். மொத்தம் சுமார் 3,300 கிலோ குறைந்தது. அந்த எடை போனதால் இன்னும் உயரே, இன்னும் வேகமாகப் பறக்க முடிந்தது; எதிரி விமானம் எட்ட முடியாத உயரம்தான் இனி பாதுகாப்பு. கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின்கள் வந்தன. குண்டறைக் கதவுகள் காற்றழுத்தத்தால் சட்டென்று திறந்து மூடின. புரொப்பெல்லரின் இதழ்களைத் திருப்பி, காற்றை முன்பக்கம் தள்ளும்படி செய்யும் வசதி சேர்ந்தது. தரையிறங்கிய பிறகு சக்கர பிரேக்கோடு இதுவும் சேர்ந்து விமானத்தை நிறுத்தும். குண்டின் நிலையைப் பறக்கும்போதே கண்காணிக்க ஒரு தனி இருக்கையும், அதிலிருந்து குண்டுக்குப் போகும் மின்கம்பிகளும் பொருத்தப்பட்டன.

குழியிலிருந்து ஏற்றுவது

பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவை அமெரிக்கா 1944 ஆகஸ்டில் ஜப்பானிடமிருந்து பிடித்தது. அதன் வடக்கு முனையில் 2,600 மீட்டர் நீளத்தில் நான்கு ஓடுபாதைகள் போடப்பட்டன. பால் டிபெட்ஸ் தலைமையில் 1944 டிசம்பரில் யூட்டா மாநிலத்தின் வெண்டோவரில் தொடங்கப்பட்ட 509ஆம் படைப்பிரிவு, பதினைந்து சில்வர்பிளேட் விமானங்களோடு அங்கே வந்து சேர்ந்தது.

பி-29 தரையில் நிற்கும்போது வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள குண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகப் போதாது. அதனால் குண்டுக்குக் குழி வெட்டினார்கள். கான்கிரீட் சுவர், அடியில் ஹைட்ராலிக் லிஃப்ட். குண்டைத் தள்ளுவண்டியில் தண்டவாளத்தின் மேல் குழிக்கு நேராகக் கொண்டுவருவார்கள். லிஃப்ட் குண்டைச் சற்றே உயர்த்த, கீழே இருக்கும் வண்டியையும் தண்டவாளத்தையும் எடுத்துவிடுவார்கள். குண்டைக் கால்வட்டம் திருப்பிக் குழிக்குள் இறக்குவார்கள். பிறகு விமானத்தைப் பின்பக்கமாகத் தள்ளி, திறந்த குண்டறை குழிக்கு நேர்மேலே வரும்படி நிறுத்துவார்கள். லிஃப்ட் மெல்ல ஏறும். குண்டின் முதுகில் உள்ள ஒற்றை வளையம் கொக்கியில் மாட்டும். ஆடாமல் இருக்கப் பக்கவாட்டுத் தாங்குகட்டைகளை இறுக்குவார்கள். ஃபேட் மேனுக்குக் குண்டறையில் இருந்த இடைவெளி மிகக் குறைவு. விமானம் சில அங்குலம் தவறி நின்றாலும் மறுபடி இழுத்து நிறுத்த வேண்டும்.

போட்டவர்கள் தப்பியது எப்படி?

புதிதாகப் படிப்பவர்கள் பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. குண்டை விட்டதும் அது நேர்கீழே விழுகிறது, விமானம் முன்னால் போய்விடுகிறது என்று தோன்றும். அப்படியல்ல. விடும் நொடியில் குண்டுக்கும் விமானத்தின் வேகமே இருக்கும். கீழே விழுந்துகொண்டே முன்னோக்கியும் போகும். விமானம் திரும்பாமல் நேராகப் பறந்தால், குண்டு வெடிக்கும்போது அது ஏறக்குறைய குண்டின் தலைக்கு மேலேயே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிரோஷிமாவில் குண்டை விட்ட உயரம் சுமார் 9,470 மீட்டர். வெடித்த உயரம் சுமார் 580 மீட்டர். நடுவில் உள்ள 8,890 மீட்டரை விழுந்து கடக்க 43 நொடி ஆகும். மணிக்கு 530 கி.மீ. வேகத்தில் விமானம் 43 நொடியில் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். குண்டும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னால் போயிருக்கும். ஆக நேராகப் பறந்தால் வெடிப்புக்கும் விமானத்துக்கும் இடைவெளி ஒன்பது கிலோமீட்டர்தான்.

அதனால் குண்டை விட்ட அடுத்த நொடியே ஒரு பக்கமாக இறக்கையைச் சாய்த்து, உயரத்தை இழந்து வேகம் கூட்டியபடி 155 பாகை திரும்ப வேண்டும். வந்த வழியே முழுமையாக 180 பாகை திரும்பினால் என்ன? திரும்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் விலகிப் போகாத நொடி. எவ்வளவு திரும்பினால் கிடைக்கும் நேரத்தில் அதிகபட்சத் தூரம் போகலாம் என்று கணக்கிட்டதில் கிடைத்த விடைதான் 155. இவ்வளவு பெரிய விமானத்தை 60 பாகை சாய்த்துத் திருப்புவது எளிதல்ல. மெலிந்த காற்றில் கொஞ்சம் அளவு மீறினாலும் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரியும். துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றி எடை குறைத்தது இங்கேயும் கைகொடுத்தது. ஹிரோஷிமாவில் குண்டைப் போட்ட எனோலா கே என்ற பி-29ஐ அதிர்வலை எட்டியபோது அது வெடித்த இடத்திலிருந்து சுமார் 18.5 கி.மீ. தள்ளி இருந்தது. முதலில் நேராக வந்த அலை. பின்னாலேயே, தரையில் பட்டுத் திரும்பிய இரண்டாவது அலை.

ஆகஸ்ட் 6

பயணத்துக்கு முந்தைய நாட்களில் டினியனில் நான்கு பி-29கள் மேலெழும்ப முடியாமல் நொறுங்கி எரிந்தன. எனோலா கேயும் அப்படி விழுந்தால் தீவே போய்விடும் என்று அஞ்சிய கடற்படை அதிகாரி வில்லியம் பார்சன்ஸ், குண்டின் வெடிமருந்துப் பைகளைப் பறக்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே வைப்பது என்று முடிவு செய்தார். அதிகாலை 2:45க்கு விமானம் கிளம்பியது. குண்டறையில் காற்றழுத்தம் இல்லை என்று முன்பு பார்த்தோம். அதனால் அவர் வேலை முடியும் வரை விமானம் தாழ்வாகவே பறந்தது. உதவியாளர் மோரிஸ் ஜெப்சன் விளக்குப் பிடிக்க, விமானத்தின் குலுக்கலுக்கு நடுவே குறுகிய மேடையில் நின்று பார்சன்ஸ் அதைச் செய்து முடித்தார். ஜப்பானை நெருங்கும் முன் ஜெப்சன் மறுபடி உள்ளே போய், குண்டு வெடிக்காமல் தடுத்து வைத்திருந்த பச்சைப் பிளக்குகளை எடுத்துவிட்டு, அதை வெடிக்கத் தயாராக்கும் சிவப்புப் பிளக்குகளைச் சொருகினார்.

கண்ணால் இலக்கைப் பார்த்துத்தான் போட வேண்டும், ரேடாரை நம்பக் கூடாது என்பது உத்தரவு. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாக ஹிரோஷிமா, கோகுரா, நாகசாகி மூன்றுக்கும் ஒவ்வொரு வானிலை விமானம் போனது. ஹிரோஷிமா மேல் மேகம் குறைவு என்று தகவல் வந்தது. அந்த ஒற்றை விமானத்தைக் கண்டு 7:09க்கு நகரில் சங்கு ஒலித்தது. அது போய்விட்டதும் 7:31க்கு ஆபத்து நீங்கியதாக மறுசங்கு. தனியாக வந்து போகும் விமானங்கள் அந்த மக்களுக்குப் பழகிப்போனவை. எல்லோரும் வெளியே வந்து அன்றாட வேலையைத் தொடங்கினார்கள். தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் திறந்த வெயிலில் நின்றிருந்தார்கள்.

குறி, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் இருந்த அயோய் பாலம். உயரம், வேகம், காற்று, குண்டின் விழுதன்மை ஆகியவற்றை நார்டன் குறிபார்க்கும் கருவியில் ஏற்றித் தாமஸ் ஃபெரெபி 8:15க்கு விட்டார். பாலத்திலிருந்து சுமார் 240 மீட்டர் விலகி, ஷிமா மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. குண்டில் இருந்த 64 கிலோ யுரேனியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவானதே பிளவுற்றது. அதுவே 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர்.

ஆகஸ்ட் 9: தவறியவை

இரண்டாவது பயணம் முதலில் ஆகஸ்ட் 11க்குத் திட்டமிடப்பட்டது. 10ஆம் தேதியிலிருந்து சில நாள் வானிலை மோசமாக இருக்கும் என்ற கணிப்பால் 9க்கு முன்தள்ளினார்கள். சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய பாக்ஸ்கார் கிளம்பும் முன்பே ஒரு பழுது தெரிந்தது. பின் குண்டறைத் தொட்டியிலிருந்து எரிபொருளை எஞ்சினுக்குத் தரும் பம்ப் வேலை செய்யவில்லை. 640 கேலன், அதாவது சுமார் 2,400 லிட்டர், உள்ளே இருந்தும் பயன்படாது. பம்பை மாற்றப் பல மணி நேரம் ஆகும். ஃபேட் மேனை வழியில் கோர்க்க முடியாது, முழுதாகக் கோர்த்தேதான் ஏற்ற வேண்டும். அப்படி இருப்பதை இறக்கி வேறு விமானத்தில் ஏற்றுவதும் ஆபத்து. இருப்பதை வைத்துப் போவது என்று முடிவானது.

புயல் மேகங்களைத் தவிர்க்க 5,000 மீட்டருக்கும் மேலே ஏறிப் பறக்க வேண்டியிருந்தது. அதற்கே எரிபொருள் கூடுதல். வழியில் குண்டின் கண்காணிப்புப் பெட்டியில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு சுவிட்சுகள் மாறி வைக்கப்பட்டிருந்தன. யகுஷிமா தீவின் மேல் பாக்ஸ்காரும் துணைக்கு வந்த இரண்டு விமானங்களும் சந்திக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. படம் எடுக்கும் விமானமான பிக் ஸ்டிங்க் வரவில்லை. 40 நிமிடம் சுற்றினார்கள்.

கோகுராவின் ஆயுதத் தொழிற்சாலைதான் அன்றைய முதல் இலக்கு. மேகமும் புகையும் அதை மறைத்திருந்தன. பக்கத்து ஊரான யவாடா முந்தைய நாள்தான் தீக்குண்டுகளால் எரிக்கப்பட்டிருந்தது. மூன்று முறை, மூன்று திசையிலிருந்து முயன்றும் குறி தெரியவில்லை. கீழிருந்து விமான எதிர்ப்புக் குண்டுகள் நெருங்கி வெடிக்கத் தொடங்கின. 50 நிமிடம் கழித்துத் தெற்கே திரும்பினார்கள்.

நாகசாகியிலும் மேகம். எரிபொருள் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும். உத்தரவை மீறி ரேடாரை வைத்தே போடுவது என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட நிலையில், குண்டு வீசும் பொறுப்பில் இருந்த கெர்மிட் பீஹன் மேகத்தில் ஓர் இடைவெளி தெரிவதாகச் சொல்லிக் குண்டை விட்டார். 11:02க்கு, திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. வடமேற்கே, உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. சுமார் 21,000 டன் டிஎன்டிக்குச் சமமான வெடிப்பு. நடுவில் நின்ற மலைகள் நகரின் மறுபகுதியை ஓரளவு மறைத்தன. பள்ளத்தாக்கில் இருந்த தேவாலயம், மருத்துவக் கல்லூரி, வீடுகள் எதற்கும் மறைவு இல்லை. ஆண்டு முடிவதற்குள் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

டினியன் வரை போக எரிபொருள் கிடையாது. ஒகினாவாவின் யோன்டான் தளத்தை ரேடியோவில் அழைத்தார்கள், பதில் வரவில்லை. கையில் இருந்த எல்லா நிற எச்சரிக்கை வாணங்களையும் வானில் விட்டுக்கொண்டே இறங்கினார்கள். இறங்கும்போதே ஓர் எஞ்சின் எரிபொருள் இல்லாமல் நின்றது. அளவுக்கு மீறிய வேகத்தில் தரையைத் தொட்ட விமானம் எம்பிக் குதித்து, ஓரத்தில் வரிசையாக நின்ற பி-24 விமானங்களை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. சில்வர்பிளேட்டில் சேர்த்திருந்த, இதழ்களைத் திருப்பும் புரொப்பெல்லர்களும் சக்கர பிரேக்கும் சேர்ந்துதான் ஓடுபாதையின் முடிவில் அதை நிறுத்தின. நிற்பதற்குள் இன்னொரு எஞ்சினும் அணைந்தது. பின் குண்டறையில், டினியனில் நிரப்பிய 640 கேலன் அப்படியே இருந்தது.